கடதாசியும் கடற்கொள்ளையும் – மலைநாட்டில் வழங்கும் கப்பற் சொற்கள்

பன்விலயிலிருந்து எந்தத் திசையில் புறப்பட்டாலும் கடலைக் காணப் பல மணிநேரம் பயணம் செய்ய வேண்டும். நக்கிள்ஸ் மலைத்தொடரின் அருகே, தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே வாழும் நமக்குக் கப்பற் சொற்கள் எதற்கு என்று ஒரு மாணவி கேட்டால் அது நியாயமான கேள்விதான். ஆனால் நாளை காலையில் வத்தேகமப் பக்கமிருந்து வரும் பஸ்ஸில் ஏறும்போது சாரதியின் கைகளைச் சற்றுக் கவனியுங்கள். வளைவுக்கு வளைவு அவர் திருப்பும் அந்த வட்டத்திற்குச் சிங்களத்தில் ‘சுக்கானம’ என்று பெயர். தமிழிலே அது ‘சுக்கான்’. கப்பலைத் திருப்பும் பின்பலகைக்கு அறபியர் இட்ட பெயர் ‘சுக்கான்’. கப்பல் கரையில் நின்றுவிட்டது. சொல் மட்டும் மலையேறி வந்து பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டது.

இவ்வாறு மலையேறி வந்த சொற்கள் பல. உயர்தர வகுப்பில் ‘தமிழில் கலந்த பிறமொழிச் சொற்கள்’ என்னும் பகுதியைப் படிக்கும்போது அறபு பத்து, போர்த்துக்கேயம் பத்து, ஒல்லாந்தம் ஐந்து என்று பட்டியலை மனனம் செய்கிறோம். பரீட்சைக்கு அது போதும். ஆனால் அச்சொற்கள் எந்தக் கப்பலில் வந்தன, யாருடைய கையிலிருந்து யாருடைய கைக்கு மாறின என்பதையும் அறிந்தால் பட்டியல் வரலாறாகிவிடும். பாய்மரக் கப்பற் காலத்துச் சொற்களை அந்த நோக்கோடு இக்கட்டுரை பார்க்கிறது.

1. தமிழின் சொந்தச் சொற்கள்

நமது இலக்கணம் செய்யுளுக்குரிய சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்காக வகுக்கிறது. முதலில் இயற்சொற்களைப் பார்ப்போம். கடலில் ஓடுவனவற்றுக்குத் தமிழில் எத்தனையோ பெயர்கள்: கலம், மரக்கலம், நாவாய், வங்கம், தோணி, ஓடம், அம்பி, திமில், கப்பல். கப்பலைச் செலுத்துபவனைப் பழைய நூல்கள் மீகாமன் என்றும் நீகான் என்றும் கூறும். இரவில் கப்பலுக்கு வழிகாட்டும் விளக்கு கலங்கரை விளக்கம். கலத்தைக் கரைக்கு அழைக்கும் விளக்கு என்பது அதன் பொருள்.

தோணியின் உறுப்புகளுக்கும் தனிப் பெயர்கள் உண்டு. முன்பகுதி அணியம். அடியில் நீளமாக ஓடும் முதுகெலும்பு போன்ற மரம் ஏரா. பாய் கட்டும் குறுக்கு மரம் பருமல். பாயை மேலே ஏற்றும் கயிறு ஆஞ்சான். கரையோர மக்கள் வழங்கிய இச்சொற்கள் நமக்குப் புதியவையாகத் தோன்றலாம். ஆனால் இவற்றோடு சேர்ந்த ‘பாய்’ நமக்கு மிகவும் பழகியது. நாம் உறங்குவதும் பாயில். கப்பல் ஓடுவதும் பாயால். இரண்டுக்கும் ஒரே சொல். தரையில் விரித்தால் படுக்கை. மரத்தில் விரித்துக் காற்றைப் பிடித்தால் பயணம்.

காற்றுக்கும் அவ்வாறே. வடக்கிலிருந்து வீசுவது வாடை, தெற்கிலிருந்து வருவது தென்றல், கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கோடை. நம் நாட்டின் கரையோரங்களில் சோழகம், கச்சான் என்னும் பெயர்களும் வழங்குகின்றன. இயந்திரம் இல்லாத காலத்தில் காற்றின் பெயர் அறியாதவன் கடலில் இறங்க முடியாது. அதனால்தான் இவ்வளவு பெயர்கள்.

2. அறபும் பாரசீகமும் தந்தவை

இந்து சமுத்திரத்தில் ஆண்டின் ஒரு பகுதியில் காற்று தென்மேற்கிலிருந்தும் மறு பகுதியில் வடகிழக்கிலிருந்தும் வீசும். ஒரு காற்றில் வந்த கப்பல் திரும்பிச் செல்ல மறு காற்றுக்காகக் காத்திருக்க வேண்டும். அறபியர் இந்தப் பருவத்தை ‘மவ்ஸிம்’ என்றனர். போர்த்துக்கேயர் அதை ‘மொன்சாவ்’ ஆக்கினர்; ஆங்கிலேயர் ‘மன்சூன்’ ஆக்கினர். காற்று மாறும் வரை துறைமுகங்களில் தங்கிய வணிகர் அங்கே திருமணம் செய்தனர், பள்ளிவாசல் கட்டினர், அவ்வூர் மொழியைப் பேசினர். காயல்பட்டினம், கீழக்கரை, பேருவளை, புத்தளம் ஆகிய கரையோர ஊர்களின் முஸ்லிம் சமூகங்களின் வரலாறு இந்தக் காத்திருப்போடு பிணைந்தது. சொற்களும் அந்தக் காத்திருப்பில்தான் கைமாறின.

அவற்றுள் நாம் அறிய வேண்டியவை நான்கு.

நாகுதா: கப்பலின் தலைவன். பாரசீகத்தில் ‘நாவ்’ என்றால் கப்பல், ‘குதா’ என்றால் தலைவன் அல்லது உடையவன்.

சரங்கு: கப்பலாட்களை மேற்பார்வை செய்பவன். தலைவன் என்று பொருள்படும் ‘ஸர்ஹங்’ என்னும் பாரசீகச் சொல்லின் வழி வந்தது.

நங்கூரம்: பாரசீகத்தின் ‘லங்கர்’ தமிழில் நங்கூரமாயிற்று. சிங்களத்திலும் இச்சொல் சிறிய ஒலிமாற்றத்துடன் வழங்குகிறது.

மாலுமி: இதுவே இவற்றுள் அழகானது. அறபியில் ‘முஅல்லிம்’ என்றால் ஆசிரியர். குர்ஆன் மத்ரஸாவில் நமக்கு ஓதித்தரும் பெண்ணை முஅல்லிமா என்கிறோம் அல்லவா? அதே சொல்தான். இந்து சமுத்திரக் கப்பல்களில் நட்சத்திரம் பார்த்துத் திசை கூறும் வழிகாட்டியை முஅல்லிம் என்று அழைத்தனர். பதினைந்தாம் நூற்றாண்டில் வாழ்ந்து, கடற்பயணக் கலைக்குப் பெருநூல் எழுதிய அஹ்மத் இப்னு மாஜித் அத்தகைய ஒரு முஅல்லிம். தமிழர் நாவில் அச்சொல் மாலுமி ஆயிற்று. வழி தெரிந்தவரை ஆசிரியர் என்று அழைத்த ஒரு காலத்தின் நினைவு அச்சொல்லுக்குள் இருக்கிறது.

3. வகுப்பறைக்குள் வந்த கப்பல்

1505இல் போர்த்துக்கேயர் கொழும்பு வந்தனர். கப்பித்தான், பீப்பாய் முதலிய கப்பற் சொற்களோடு வீட்டுச் சொற்களும் அவர்களுடன் இறங்கின. இப்போது உங்கள் வகுப்பறையைச் சுற்றிப் பாருங்கள். மேசை, கதிரை, வாங்கு, அலுமாரி ஆகிய நான்கும் போர்த்துக்கேயச் சொற்கள். காலில் அணிந்திருக்கும் சப்பாத்து, அலுமாரியைத் திறக்கும் சாவி, காலையில் உண்ட பாண் ஆகியனவும் அவ்வாறே.

இவற்றோடு இன்னொன்றும் உண்டு. நீங்கள் எழுதிக்கொண்டிருக்கும் கடதாசி. அதன் கதை மற்றவற்றைவிட நீளமானது.

போர்த்துக்கேயர் இக்கடலுக்கு வருமுன் அறபியர், குஜராத்தியர், தமிழர், மலாயர், சீனர் எனப் பலரும் இதில் பயணம் செய்தனர். துறைமுகத்தில் வரி செலுத்தினர். ஆனால் கடலில் ஓடுவதற்கு எவரிடமும் அனுமதி கேட்கவில்லை. பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போர்த்துக்கேயர் புதிய சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தனர். இக்கடலில் ஓடும் கப்பல் ஒவ்வொன்றும் தங்களிடம் ஓர் அனுமதிப் பத்திரம் பெற வேண்டும். கப்பல் எங்கிருந்து எங்கே செல்கிறது, யார் தலைவன், என்ன ஆயுதம் இருக்கிறது என்பன அதில் எழுதப்படும். போர்த்துக்கேயத் துறைமுகத்தில் வரியும் கட்ட வேண்டும். பத்திரம் இல்லாத கப்பலைப் பிடிக்கலாம், பொருளைப் பறிக்கலாம். அந்தப் பத்திரத்தின் பெயர் ‘கர்த்தாஸ்’.

ஹஜ் கப்பல்களும் இதற்கு விலக்கல்ல. முகலாயப் பேரரசர் அக்பரின் காலத்தில் ஹிந்துஸ்தானத்திலிருந்து மக்கா செல்வோரின் கப்பல்களும் இப்பத்திரத்துடனேயே சென்றன. அப்பத்திரத்தில் உருவங்கள் பொறிக்கப்பட்டிருந்ததைக் காரணம் காட்டி, இந்நிலையில் கடல் வழியே ஹஜ்ஜுக்குச் செல்வது கடமையாகாது என்று கூறிய அறிஞரும் அக்காலத்தில் இருந்தார்.

இந்தக் ‘கர்த்தாஸ்’ என்னும் சொல்லே தமிழில் கடுதாசி ஆயிற்று என்று தமிழ் அகராதியாளர் காட்டுவர். இலங்கையில் தமிழரும் சிங்களவரும் அதைக் கடதாசி என்கின்றனர். ஆனால் போர்த்துக்கேயர் அதை எங்கிருந்து பெற்றனர்? அறபியின் ‘கிர்தாஸ்’ என்பதிலிருந்து. கிர்தாஸ் என்றால் எழுதும் தாள். சூரத்துல் அன்ஆமை ஓதும்போது நாம் கடந்து செல்லும் சொல் அது. அதற்கும் முந்திய வடிவம் கிரேக்கத்தில் உண்டு. கடல் வரைபடத்தைக் குறிக்கும் ‘சார்ட்’ என்னும் ஆங்கிலச் சொல்லும் அந்தக் கிரேக்க வேரில் பிறந்ததே. முஸ்லிம்கள் ஆண்ட ஐபீரியாவில் அறபியரிடம் கற்ற சொல்லைக் கொண்டே, இந்து சமுத்திரத்தில் முஸ்லிம் வணிகரின் கப்பல்களைப் போர்த்துக்கேயர் மறித்தனர். நாம் சாதாரணமாகக் கிழித்துப் போடும் ஒரு சொல்லுக்குள் இவ்வளவும் இருக்கிறது.

4. கடற்கொள்ளையன் யார்?

கடல்+கொள்ளை என்னும் தமிழ்ச்சொல்லுக்கு விளக்கம் தேவையில்லை. இன்றைய அறபியில் கடற்கொள்ளையரைக் குறிக்கும் ‘குர்ஸான்’ என்பது ஐரோப்பிய மொழியிலிருந்து வந்த கடன்சொல்.

கடற்கொள்ளை மெய்யாகவே இருந்தது என்பதை முதலில் ஒப்புக்கொள்வோம். 1344இல் இலங்கைக்கு வந்த இப்னு பதூதா புத்தளம் பகுதியில் ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்தார். ஆதம் மலைக்குச் சென்று திரும்பினார். மன்னர் அவருக்கு இரத்தினங்கள் வழங்கினார். பின்னர் இந்தியாவின் மேற்குக் கரையில் ஹொன்னாவருக்கு அருகே பன்னிரண்டு கப்பல்களில் வந்த கொள்ளையர் அவரைச் சூழ்ந்தனர். இலங்கையில் பெற்ற இரத்தினங்கள் உட்பட அனைத்தையும் பறித்தனர். காற்சட்டையைத் தவிர வேறெதுவும் உடலில் எஞ்சவில்லை என்று அவர் தம் பயணநூலில் கூறுகிறார். இவர்களைக் கொள்ளையர் என்று அழைப்பதில் எவருக்கும் தடையில்லை.

ஆனால் குஞ்சாலி மரைக்கார்களை எப்படி அழைப்பது? கோழிக்கோட்டுச் சாமூதிரி மன்னரின் கடற்படைத் தலைவர்களாக நால்வர் ஒருவர்பின் ஒருவராக இப்பட்டத்தைத் தாங்கினர். போர்த்துக்கேயக் கப்பல்கள் பெரியவை, பீரங்கி பொருத்தியவை. ஆனால் காற்றை நம்பியவை. குஞ்சாலியின் ஆட்கள் துடுப்பு வலிக்கும் சிறிய, வேகமான படகுகளில் ஆற்று முகத்துவாரங்களில் மறைந்திருந்து, தக்க தருணத்தில் பாய்ந்து தாக்கினர். இப்போராட்டம் நம் நாட்டையும் தொட்டது. சீதாவாக்கை மன்னன் மாயாதுன்னைக்குத் துணையாக வந்த மரைக்கார்களின் கடற்படையை 1538இல் இராமநாதபுரக் கரையிலுள்ள வேதாளையில் மார்த்திம் அஃபொன்சோ த சோசா தோற்கடித்தார்.

போர்த்துக்கேய எழுத்தாளர் குஞ்சாலிகளைக் கடற்கொள்ளையர் என்றே எழுதினர். அதே நூற்றாண்டில் மலபாரில் வாழ்ந்த செய்னுத்தீன் மக்தூம் ‘துஹ்பதுல் முஜாஹிதீன்’ என்னும் அறபு நூலில் இப்போரை ஊரையும் வணிகத்தையும் மார்க்கத்தையும் காக்கும் போராட்டமாக எழுதினார். நிகழ்ச்சி ஒன்று, பெயர் இரண்டு. நான்காம் குஞ்சாலி தம் மன்னரோடு பகைத்துக்கொண்டார். சாமூதிரியும் போர்த்துக்கேயரும் சேர்ந்து அவரது கோட்டையை முற்றுகையிட்டனர். சரணடைந்த அவர் கோவாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டு 1600இல் தலை துண்டிக்கப்பட்டார். இன்று மும்பையிலுள்ள இந்தியக் கடற்படைத் தளமொன்று ‘குஞ்சாலி’ என்னும் பெயரைத் தாங்கியிருக்கிறது. 2000ஆம் ஆண்டில் அவர் நினைவாகத் தபால் முத்திரையும் வெளியானது.

ஐரோப்பாவிலும் இதே கதைதான். பிரான்சிஸ் டிரேக் ஸ்பானியருக்குக் கொள்ளையன்; இங்கிலாந்தின் எலிசபெத் அரசியோ 1581இல் அவருக்கு ‘சேர்’ பட்டம் வழங்கினார். அக்காலத்தில் அரசன் கையொப்பமிட்ட கடதாசியோடு எதிரிக் கப்பலைப் பறித்தவன் போர்வீரன். கடதாசி இல்லாமல் பறித்தவன் கொள்ளையன். பறிகொடுத்தவனுக்கு இரண்டும் ஒன்றே.

குஞ்சாலிகள் செய்தவை அனைத்தும் சரியென்று நிறுவுவது நமது நோக்கமன்று. ஒரு சொல்லை வரலாற்று நூலில் காணும்போது, அதை எழுதியவர் யார், எழுதப்பட்டவர் யார் என்று கேட்கப் பழக வேண்டும். அதுவே இப்பாடத்தின் சாரம்.

5. நாம் உலகுக்குக் கொடுத்தவை

சொற்கள் வந்து சேர்ந்தது போலவே சென்றும் சேர்ந்தன. ‘கப்பல்’ மலாய் மொழிக்குச் சென்று இன்றும் அங்கே ‘கபால்’ என வழங்குகிறது. கப்பல் கட்டப் பயன்பட்ட தேக்கு ‘டீக்’ ஆயிற்று. தமிழிலும் மலையாளத்திலும் வழங்கும் கயிறு ‘கொயர்’ ஆயிற்று.

கட்டுமரத்தின் கதை நம் பொருளோடு நேரே தொடர்புடையது. மரங்களைக் கயிற்றால் பிணைத்துக் கட்டியதால் அது கட்டுமரம். சோழமண்டலக் கரையில் இதைக் கண்டு ‘கற்றமரன்’ என எழுதிவைத்தவர்களுள் ஒருவர் வில்லியம் டாம்பியர். அவருடைய பயணநூல் 1697இல் இலண்டனில் வெளியாயிற்று. டாம்பியர் ஸ்பானியக் கப்பல்களைக் கொள்ளையடித்த கூட்டங்களோடு திரிந்தவர். கொள்ளையனாகத் திரிந்த ஒருவரின் குறிப்பேடு தமிழ் மீனவரின் சொல்லொன்றை ஆங்கில வாசகரிடம் கொண்டுசென்றது. இன்று அச்சொல் இரட்டை உடல் கொண்ட வேகப் படகைக் குறிக்கிறது. பொருள் மாறிவிட்டது, முடிச்சு மட்டும் அவிழவில்லை.

6. நம்மைச் சுட்டும் சொல்

இறுதியாக, நமக்கு மிக நெருக்கமான சொல்லொன்று. நம் உறவினருள் மரிக்கார், மரைக்கார் என்னும் பெயருடையோர் இருக்கலாம். கிழக்கு மாகாணத்தில் பள்ளிவாசல் நிருவாகத்தில் குடிகளின் சார்பாக இருப்பவரை மரைக்காயர் என்பர். மரக்கலராயர் என்பதே இவ்வாறு திரிந்தது என்பர் சிலர். கப்பலைக் குறிக்கும் ‘மர்கப்’ என்னும் அறபுச் சொல்லைக் காட்டுவர் வேறு சிலர். இரண்டில் எதை ஏற்றாலும் நாம் சென்று சேர்வது கப்பலில்தான்.

சிங்களத்தில் முஸ்லிம்களைக் குறிக்கும் ‘மரக்கல’ என்னும் சொல்லும் மரக்கலத்திலிருந்து வந்தது. சில வேளை பஸ்ஸிலோ கடைத்தெருவிலோ இச்சொல் இகழ்ச்சித் தொனியில் நம் காதில் விழுந்திருக்கும். விழும்போது மனம் சுருங்கும். ஆனால் சொல்லுக்குள் இகழ்ச்சி இல்லை. சொல்பவரின் தொனியிலேயே இருக்கிறது. மரக்கலம் என்றால் கப்பல். கடல் கடந்து வணிகம் செய்தவர்கள் என்பதே அதன் பொருள். இதை அறிந்தவள் தலைகுனிய வேண்டியதில்லை, கோபப்படவும் வேண்டியதில்லை. வாய்ப்பிருந்தால் அமைதியாக விளக்கிச் சொல்லலாம். ‘சுக்கானம’வையும் ‘கடதாசி’யையும் தினமும் சொல்லும் சிங்களத் தோழிக்கு அந்த விளக்கம் விரைவில் புரியும், அவளும் நாமும் ஒரே கப்பலின் சொற்களைப் பேசுகிறோம்.

கப்பலோட்டிய சமூகம் மலைக்கு எவ்வாறு வந்தது? 1626இல் போர்த்துக்கேயர் தம் ஆட்சிக்குட்பட்ட கரையோரப் பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது கண்டி மன்னன் செனரத் அவர்களுக்கு இடமளித்தான். சுமார் 4,000 பேரை மட்டக்களப்புப் பகுதியில் குடியமர்த்தினான். கண்டி இராச்சியத்தின் கிராமங்களில் வாழ்ந்த முஸ்லிம்கள் தவளம் எனப்படும் பொதிமாட்டுக் கூட்டங்களோடு கரையிலிருந்து உப்பும் கருவாடும் ஏற்றி வந்தனர். மலையிலிருந்து பாக்கும் வாசனைத் திரவியங்களும் இறக்கிச் சென்றனர். கப்பல் செய்த வேலையை மலைப்பாதையில் மாடு செய்தது. பயணமும் வணிகமும் தொடர்ந்தன. சொற்களும் கூடவே வந்தன.

பயிற்சி

1. சுக்கான், நங்கூரம், மாலுமி, நாகுதா ஆகியவற்றுள் மூன்றை எடுத்து, மூலமொழிச் சொல்லையும் தமிழில் நிகழ்ந்த ஒலிமாற்றத்தையும் காட்டுக.

2. உங்கள் வீட்டுக் குசினியிலும் வகுப்பறையிலும் உள்ள பொருட்பெயர்களுள் போர்த்துக்கேயர் வழி வந்தவை பத்தினை எழுதுக. அவற்றுள் சிங்களத்திலும் வழங்குபவை எவை?

3. ‘கடற்கொள்ளையர்’, ‘கடற்படைத் தலைவர்’ என்னும் இரு பெயர்களும் ஒருவருக்கே பொருந்தக்கூடுமா? குஞ்சாலி மரைக்காரை உதாரணமாகக் கொண்டு ஒரு பக்கத்தில் விவாதிக்க.

4. உங்கள் உம்மும்மாவிடமோ அப்பாவிடமோ கேட்டு, குடும்பத்தில் வழங்கிய பழைய தொழிற்பெயர்கள், பட்டப்பெயர்கள், இப்போது எவரும் சொல்லாத பொருட்பெயர்கள் ஆகியவற்றை எழுதிவையுங்கள். பொருள் தெரியாவிட்டாலும் எழுதுங்கள். எழுதாமல் விட்டால் அவர்களோடு அச்சொல்லும் போய்விடும். எழுதிய கடதாசியை மட்டும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.